ஊர் சுற்றப் போன நாக்கு

போன வருடம் ஆடி முடிந்த கையோடு நடந்தது இது. சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் வரும் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். பாடம் நடத்தாவிட்டாலும் அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்தான். எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் கூட்டம் நடக்கும். யாராவது ஒருவர் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பத்து நிமிடம் பேச வேண்டும். அந்த மாதம் என் முறை. "நீங்க சோறு சம்பந்தப்பட்டவங்க, உங்களுக்கு இதுதான் சரி" என்று நூலகர் ஒரு நாவலை என் கையில் திணித்துவிட்டார்.

அது நாவலா, ஜுரத்தில் பிதற்றியதா என்று எனக்குப் புரியவில்லை. ஓர் அரண்மனைச் சமையல்காரியின் நாக்கு ஒருநாள் காலையில் வாயை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது. நாக்குக்கு ஏது கால் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அது வீடு வீடாகப் போய்ப் பானைகளை ருசி பார்க்கிறது. நடுவில் கத்தரிக்காய்கள் தாங்கள் காய்த்த செடிக்குக் கடிதம் போடுகின்றன. வடித்த சோறு ஆவியோடு கூரைக்குப் பறக்கிறது. சரி, இதெல்லாம்கூடப் போகட்டும். நாக்கில்லாதவள் ஆக்கிப்போட்டதை ராஜா நூறு பக்கத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறான், ஒரு வித்தியாசமும் தெரியவில்லையாம்! எனக்கு வந்ததே கோபம். முதல் வாயிலேயே தெரிந்துவிடாதா? கதை எழுதுகிறேன் என்று காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று நோட்டில் இரண்டு பக்கம் திட்டி எழுதி வைத்தேன்.

எங்கள் மையத்தில் அப்போது நாங்கள் இரண்டே பேர். சமையலர் அம்மா, நான். உதவியாளர் பிரசவத்துக்குப் போயிருந்தார். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்பு நாங்கள் சாப்பாட்டை ருசி பார்த்து, அதற்கென்று இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சமையலர் போடுவார், கீழே நான் போடுவேன். ஒன்பது வருடமாக ஒருநாள் தவறாமல் போட்டிருக்கிறேன்.

கொஞ்ச நாளாகப் பிள்ளைகள் தட்டில் பாதியை மிச்சம் வைத்துக் கொட்டுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. எதிர்க்கடையில் கண்டதை வாங்கித் தின்றுவிட்டு வருகிறார்கள் என்று நினைத்தேன். "வூட்ல இன்னா தெனம் பிரியாணியா போடறாங்க? ஒழுங்கா சாப்டு" என்று நாலைந்து பேரைத் தட்டோடு நிற்க வைத்துக்கூடத் திட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை, சாம்பார் சாதம். சமையலர் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, பொழுது போகட்டும் என்று அந்த நாவலைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"இந்தக் கூத்தக் கேளும்மா. ஒரு சமையல்காரி. அவ நாக்கு வாய வுட்டு ஓடிப்பூடுச்சாம். யார்கிட்டயும் சொல்லாம அவ பாட்டுக்கு ஆக்கிப் போட்டுக்கினே இருக்கறா."

சிரிப்பார் என்று பார்த்தேன். கரண்டி நின்றுவிட்டது.

"யாரு சொன்னாங்க டீச்சர் உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? பொஸ்தகத்துல போட்டிருக்கு."

"என்னப் பத்தியா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கரண்டியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"வேலைய வுட்டுத் தூக்கிடாதீங்க டீச்சர். எனக்கு இத வுட்டா வேற நாதியில்ல. அன்னிக்கு ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தேனே, அதுலேர்ந்து நாக்கு செத்துப்போச்சு. ரெண்டு மாசமாவுது. உப்பும் தெரியல, புளிப்பும் தெரியல, வாடகூட வர்ல. கைக்கு வந்த அளவுல போட்டுக்கினு இருக்கறேன்."

"இத ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"தெனம் கேட்டேனே டீச்சர். கொஞ்சம் வாயில வெச்சிப் பாருங்கன்னு."

கேட்டார்தான். இரண்டு மாதமாகத் தினமும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி என்னிடம் நீட்டியிருக்கிறார். என்னிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். திங்கள் என்றால் சோமவார விரதம், செவ்வாய், வெள்ளி அம்மனுக்கு, வியாழன் குருவுக்கு. புதனுக்கு விரதம் கிடைக்காததால் அல்சர்.

எங்களுடையது நிலபுலன் உள்ள குடும்பம். அவர் ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்து வருகிறவர். அவர் கையால் சாப்பிடாதே என்று என் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. ஒன்பது வருடத்தில் அவர் சமைத்ததில் ஒரு பருக்கையும் நான் வாயில் வைத்ததில்லை. அந்த ராஜாவாவது சாப்பிட்டான்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கி வாயில் போட்டேன். உப்பு அப்படியே கரித்தது, புளியின் பச்சை வாசனை போகவில்லை. என்னால் விழுங்க முடியவில்லை. இதைத்தான் பிள்ளைகள் கொட்டியிருக்கின்றன, இதைச் சாப்பிடச் சொல்லித்தான் நான் நிற்க வைத்திருக்கிறேன்.

அவசர அவசரமாக இன்னும் கொஞ்சம் அரிசியும் பருப்பும் வேகவைத்து, தக்காளி போட்டுக் கொதிக்கவிட்டு, எல்லாவற்றையும் கலந்தோம். ஐந்து தடவை நான் ருசி பார்த்தேன். அறுபது பிள்ளைகள் அரை மணி நேரம் தட்டோடு காத்திருந்தார்கள். ஏன் லேட் என்று தலைமை ஆசிரியர் வந்து கேட்டார். "கேஸ் சரியா வர்ல சார்" என்றேன். உண்மையைச் சொல்லும் தைரியம் அன்றைக்கு எனக்கு வரவில்லை. சமையலரின் வேலை போய்விடும் என்பதற்காக மறைத்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அப்போது நான் பயந்தது என் கையெழுத்தை நினைத்துத்தான்.

பிள்ளைகள் அன்று மிச்சம் வைக்கவில்லை. எல்லோரும் போன பிறகு நானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இத்தினி வருசம் நல்லா ஆக்கும்போதெல்லாம் உங்க வாயால ஒரு வார்த்த கேட்டதில்ல டீச்சர். நாக்கு செத்தப்புறம் ஆக்கனதப் போயி சாப்புடுறீங்களே" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. நான் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை நான் படிக்கவில்லை. "நடக்கவே முடியாத கதைன்னு நெனச்சேன். ஆனா அந்த ராஜாவ ரொம்ப சரியா எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் பேச வேண்டியவள் அரை நிமிடத்தில் முடித்துவிட்டேனே என்று நூலகருக்கு வருத்தம்.

சமையலரைக் கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். தானாக வரும், நாளாகும் என்றார். பொங்கலுக்குள் புளிப்பு வந்துவிட்டது, அப்புறம் உப்பு. வாடை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அவர் வேலையில்தான் இருக்கிறார். நான் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அது என் வேலை. அறுபது பிள்ளைகள் இரண்டு மாதம் வாயில் வைக்க முடியாத சோற்றைத் தின்னக் காரணமாக இருந்த நாக்கு என்னுடையது என்ற நினைப்பு மட்டும், ஒவ்வொரு நாளும் முதல் கவளத்தோடு சேர்ந்தே உள்ளே போகிறது.