எல்லைக்கல்லைத் தாண்டி நின்றோம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பாண்டிச்சேரி டவுனில், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தேன். எங்கள் குப்பம் டவுனுக்கு வடக்கே, பாண்டிச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற இடத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். கடைசித் தெருவைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, தோப்புக்குள் ஓர் எல்லைக்கல். கல்லுக்கு அந்தாண்ட என் அம்மா வீடு, இந்தாண்ட மாமியார் வீடு. நான் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பினால், ஸ்டேட் விட்டு ஸ்டேட் போகிறாள் என்று என் வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேலி பண்ணுவார்.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே எங்கள் ஆட்களுக்கு அது பெரிய துணை. இந்தப் பக்கப் போலீஸ் துரத்தினால் அந்தப் பக்கம், அந்தப் பக்கப் போலீஸ் துரத்தினால் இந்தப் பக்கம். சாராயம் கொண்டுபோகிறவன், சீட்டாடுகிறவன், மச்சான் மண்டையை உடைத்துவிட்டு ஓடுகிறவன், எல்லாருக்கும் ஒரே வழிதான். போலீஸ் கல் வரைக்கும் வரும். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பிவிடும். தாண்டினவன் அங்கேயே உட்கார்ந்து பீடி பற்றவைப்பான். சின்ன வயதில் நாங்கள் அதை வேடிக்கை பார்க்கவே போவோம்.

இப்படி இருந்த ஊருக்குத் தெற்கே ஒரு கெமிக்கல் கம்பெனி வந்தது. வேலை கிடைக்கும் என்று எங்களுக்கும் சந்தோஷம்தான். வேலை வெளியூர்க்காரர்களுக்குப் போனது, கழிவுத் தண்ணீர் எங்களுக்கு வந்தது. வாய்க்கால் வெட்டி நேராகக் கடலில் விட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியது. பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறி. என் சின்னவள் சொறிந்து சொறிந்து ரத்தம் வந்து அழுவாள்.

மார்க்கெட்டில் வாடிக்கையாக என்னிடம் மட்டுமே வாங்குகிற ஓர் அம்மா இருந்தார். ஒருநாள் சங்கரா மீனை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, மருந்து வாடை அடிக்குதே என்று கூடையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த ஊர் மீன் என்று கேட்காமல் யாரும் என் கூடைப் பக்கம் குனியவில்லை. காலையில் தூக்கிக்கொண்டு போன கூடையைச் சாயங்காலம் அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். போன பாட்டில் போனதுதான்.

பிறகு ஒரு விடியற்காலையில் கரை முழுக்க மீன் செத்து ஒதுங்கியிருந்தது. குஞ்சும் குளுவானுமாக, கால் வைக்க இடமில்லை. பஞ்சாயத்தார் கூடி, இன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பெண்கள் எல்லாரும் செத்த மீனைக் கூடை கூடையாக அள்ளிப்போய்க் கம்பெனி கேட்டில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தோம். ஆண்கள் பின்னால் நின்றார்கள். லாரி ஒன்றும் உள்ளே போக முடியவில்லை. மேனேஜர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இதே நாற்றத்தோடு நாங்கள் எத்தனை மாதமாகச் சோறு தின்கிறோம் என்று ஒருத்தி கேட்டாள். சிரித்தோம்.

வெயில் ஏறினபோது போலீஸ் வேன் வந்தது. கழிவுத் தண்ணீரை நிறுத்துவதாக மேனேஜர் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடுகிறோம் என்று பஞ்சாயத்தார் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி விசில் ஊதினார். அடுத்த நிமிஷம் தடி. உட்கார்ந்திருந்தவர்களை எழுந்திருக்கக்கூட விடவில்லை. ஒரு பெரியம்மாவை முடியைப் பிடித்து மீன் குவியல் மேலேயே இழுத்தார்கள்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ரோட்டில் வேன். எல்லாரும் வடக்கே ஓடினோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கால்கள் தானாகத் தோப்புக்குத்தான் போயின. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கல்லைத் தாண்டினோம். தாண்டினதும் என் கையை விட்டார்.

"போதும், நில்லு புள்ள. இனிமே நம்மள தொட முடியாது."

அவர் மட்டும் இல்லை, எல்லாரும்தான் நின்றார்கள். முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கினார்கள். ஒருவர் அவிழ்ந்த லுங்கியை நிதானமாகக் கட்டினார். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் என் அம்மா வீடு, கதவைச் சாத்தியிருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை. நானும் நின்று, துரத்தி வருகிற பாண்டிச்சேரி போலீஸின் செவப்புத் தொப்பிகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்த போலீஸ்காரர் கல்லைப் பார்க்கவே இல்லை. வழியில் கிடக்கிற எதையோ தாண்டுகிற மாதிரி தாண்டி வந்தார். என் வீட்டுக்காரர் வலது கையைத் தூக்கி, மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், இது தமிழ்நாடு சார்."

தூக்கின கையிலேயே முதல் அடி விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை எனக்கு. அவர் கீழே விழுந்தார், அடி படாமல் மறைக்க நான் அவர் மேலே விழுந்தேன். என் முதுகில் விழுந்தது கணக்கில்லை. அவருக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

டவுனில் பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு ஏதோ ஒரு மாதிரி கூடியது, விரல்கள் மடங்கவில்லை. துடுப்புப் பிடிக்கிற கை அது.

புகார் கொடுக்கப் போனேன். தமிழ்நாட்டு ஸ்டேஷனில் அடித்தது யார் என்று கேட்டார்கள். பாண்டிச்சேரி போலீஸ் என்றேன். அங்கேயே போய்ச் சொல்லச் சொன்னார்கள். பாண்டிச்சேரி ஸ்டேஷனில் எந்த இடத்தில் அடித்தார்கள் என்று கேட்டார்கள். சொன்னேன்.

"கல்லுக்கு அந்தாண்டயா? அது எங்க லிமிட்டு இல்லம்மா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கல், எழுதும்போது எப்படிய்யா தெரிகிறது என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார்கள்.

கம்பெனி நிற்கவில்லை. மதிலைத்தான் உயர்த்திக் கட்டினார்கள். நான் வேறு ஊர் மீனை ஏலத்தில் எடுத்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தேன். தெருவையே சிரிக்க வைத்த மனுஷன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். போலீஸைத் திட்டுவார் என்று பார்ப்பேன், திட்டமாட்டார். கம்பெனியைக்கூடத் திட்டமாட்டார். மழைக்காலத்தில் கை குடையும்போது மட்டும், "நான் நின்னுருக்கக் கூடாது, உன்னையும் நிக்க வச்சிட்டேன்" என்பார். உன் மேல் என்னய்யா தப்பு என்று நானும் சண்டை போடுவேன். தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அடித்தவர்களில் ஒருவராவது அந்த நாளை நினைத்து ஒரு ராத்திரி தூக்கம் கெட்டிருப்பாரா, தெரியாது. சட்டத்தை நம்பி நின்றதைத் தன் தப்பென்று எண்ணிக்கொண்டே என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாரே, அதுதான் இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.