மூன்றாவது விசில்

அலுவலகத்தில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். கட்டம் போட்டுப் பலன் சொல்வதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் அவர் போடுவது ராசிக்கட்டம் அல்ல. நாட்டு மக்கள் கைப்பேசியில் எந்த விளையாட்டை எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள், சந்தையில் எது ஏறுகிறது, எது சரிகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் வரைந்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு விளையாட்டையும் அவர் ஆடிப் பார்த்ததில்லை. கேட்டால், "காய்ச்சலுக்கு மருந்து குடுக்கிற டாக்டருக்குக் காய்ச்சல் வரணுமா என்ன?" என்பார்.

இந்த முறை சரிந்தது கம்பெனியின் சொந்தச் சரக்கு. திரையில் காய் நறுக்கி, அடுப்பேற்றி, ஹோட்டல் நடத்தும் சமையல் விளையாட்டு. மற்ற நாடுகளில் ஆட உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்திருப்பதில்லை. இந்த நாட்டில் மட்டும் மூன்றாம் கட்டம் முடிந்ததும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். ஒருவர் இருவர் அல்ல, ஊரே.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா இங்க இந்த கேமை மூடிடலாம்" என்றார் இயக்குநர் அம்மா.

மூடினால் அதைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து பேருக்கும் வேலை போகும். ஆறாவது ஆள் தான்தான் என்று ஜோசியருக்கு யாரும் கணித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாகப் போகிறதே என்று அவசரமாகக் காரணம் தேடத் தொடங்கினார்.

முதலில், வெயில்தான் காரணம் என்று எழுதினார். அந்த வாரமே மழை கொட்டியது. பள்ளித் தேர்வு என்று எழுதினார். ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடப் பக்கம் போயே பல காலம் ஆகியிருந்தது. கடைசியில், "நம் மக்களுக்குப் பொறுமை கிடையாது" என்று நாட்டின் தலையிலேயே பழியைப் போட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஆடியே பார்க்காமல் சொன்னார்.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை லீவு போட்டு, சோபாவில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாக விளையாட்டைத் திறந்தார்.

குளிக்கப் போன மனைவி, "குக்கர் வச்சிருக்கேன். மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க. வழக்கம்போல மறந்துடாதீங்க" என்றாள்.

அவர் மறக்கவில்லை. ஆட்டத்தில் மூழ்கியிருந்தாலும் காது எண்ணிக்கொண்டே இருந்தது. மூன்றாவது விசிலுக்குக் கைப்பேசியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு வேலையை இவ்வளவு பொறுப்பாகச் செய்தது கிடையாது.

மனைவி வந்து மூடியைத் திறந்தாள். உள்ளே போட்டது போட்டபடி கிடந்தது.

"எத்தனை விசில் சொன்னேன்?"

"மூணு. மூணும் வந்துச்சே."

"வந்திருந்தா மூடி இவ்வளவு லேசா கையோட வருமா? எங்கேருந்து வந்துச்சு?"

அவர் மெல்லக் கையை நீட்டி, சோபாவில் கிடந்த கைப்பேசியைக் காட்டினார். விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்தால் ஒரு குக்கர் விசில். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் மூன்று எண்ணிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். பொறுமை இல்லாத மக்கள் அல்ல, பொறுப்பான மக்கள். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"வேகாததுக்கு இவ்வளவு சந்தோஷப்படுற மனுஷனை இப்பதான் பாக்கறேன்" என்று மனைவி மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்தச் சந்தோஷம் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. மற்ற நாடுகளில் கட்டம் முடிந்தால் மணிதான் அடிக்கும். நம் மக்களுக்கு வீட்டு வாசனை வேண்டும் என்று விசிலை வைத்ததே இயக்குநர் அம்மாதான். அதுவும் அவர் வீட்டுக் குக்கரின் விசில், அவரே பதிவு செய்தது. காரணத்தைச் சொல்லாவிட்டால் வேலை போகும். சொன்னால் அன்றைக்கே போகும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, காரணத்தைச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் அம்மா சிரிக்கவில்லை. "எங்க வீட்டு விசிலைக் கேட்டு ஜனங்க ஓடறாங்களா?"

"ஓடலை மேடம். அடுப்பை அணைக்கப் போறாங்க."

"அணைச்சிட்டுத் திரும்பி வரலாமில்ல?"

"வேகலைன்னதும் வீட்டுல ஒரு பேச்சு ஆரம்பிக்கும் மேடம். அது முடிஞ்சு எங்க திரும்பி வர்றது?"

"இத்தனை வருஷம் ரிப்போர்ட் எழுதி இதுதான் கண்டுபிடிச்சீங்களா? இருங்க, நானே ஆடிக் காட்டறேன். அப்புறம் உங்களை என்ன பண்றதுன்னு பாக்கலாம்."

இயக்குநர் அம்மா தன் கைப்பேசியை எடுத்து ஆடத் தொடங்கினார். நன்றாகவே ஆடினார். முதல் விசில் அடித்தது. நிமிர்ந்து ஜோசியரை ஒரு முறை முறைத்தார். இரண்டாவது அடித்தபோது ஆட்டம் சூடுபிடித்துவிட்டது, எதிரே ஆள் நிற்பதே அவருக்கு மறந்துபோயிற்று. ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது விசில் அடித்தது.

"யாராவது போய் அந்த அடுப்பை அணைங்க" என்றார் இயக்குநர் அம்மா, தலை நிமிராமல்.

அதற்குள் இரண்டு பேர் எழுந்துவிட்டிருந்தார்கள்.