துரை விட்டுப்போன கார்

எங்களுக்கு ஒரு கார் இருந்தது என்று நான் இங்கே யாரிடமும் சொல்வதில்லை. கோத்தகிரிக்கு வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சிலோனிலிருந்து வந்தவர்கள் எல்லாருமே அங்கே மாளிகையில் இருந்ததாகத்தான் சொல்வார்கள் என்று ஒரு பெண் சிரித்தாள். அதற்கப்புறம் விளக்கிச் சொல்லும் தெம்பு எனக்கு வரவில்லை. இப்போதும் அப்படி ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த மழை நாட்களில் அந்தக் கார் அடிக்கடி நினைவுக்கு வந்து தொந்தரவு செய்கிறது. எழுதிவிட்டால் விட்டுத்தொலையுமோ என்று பார்க்கிறேன்.

மாத்தளையில், யட்டவத்த ஊருக்கு மேலே ஒரு கொக்கோ தோட்டத்தில் அப்பா கிளாக்கராக இருந்தார். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது நாயைப் பக்கத்துத் தோட்டத்துக்கும் பியானோவை மாத்தளை டவுனில் ஒரு டாக்டருக்கும் கொடுத்துவிட்டு, யாருக்கும் வேண்டாத காரை அப்பாவுக்குக் கொடுத்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, மூக்கு நீண்ட பந்தயக் கார் அது. கொக்கோ ஸ்டோருக்குப் பின்னால் பல வருஷம் கிடந்ததில் கோழிகள் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஒரு டிராக்டரும் எட்டு ஆட்களும் சேர்ந்து அதை எங்கள் குவாட்டர்ஸ் வாசலுக்கு இழுத்து வந்தார்கள். அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "மழ பேயுற ஊருல கூரையில்லாத வண்டிய வச்சு என்னா செய்றது" என்று மட்டும் கேட்டாளாம். அப்போது நான் கைக்குழந்தை.

அப்பாவுக்கு ஆட்களின் வேலைநாள் கணக்கான செக்ரோல் எழுதத் தெரியும், துரைமாருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும். அதுவரை ஒரு நட்டைக்கூடத் திருகியவர் இல்லை. துரை காரோடு ஒரு புத்தகமும் கொடுத்திருந்தார். அதில் பிரேக்கைப் பற்றிய பாகத்திலிருந்து கடைசி வரை கறையான் தின்றுவிட்டது. ஆகவே எங்கள் காரின் முன்பாதி புத்தகப்படியும் பின்பாதி அப்பாவின் யூகப்படியும் உருவாயிற்று. தகரத்தைக் கழற்றிப் பார்த்தபோதுதான் அதன் எலும்புக்கூடே மரத்தால் ஆனது என்று தெரிந்தது. அதையும் கறையான் விட்டுவைக்கவில்லை. யட்டவத்தயிலிருந்து பாஸ் என்று அங்கே சொல்லும் ஒரு தச்சரைக் கூட்டிவந்து, பழைய துண்டு ஒவ்வொன்றையும் அளந்து, பலா மரத்தில் புதிதாகச் செய்து பொருத்தினார். வெயில் நாளில் அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றால் பெட்ரோல் வாசனையோடு பலா மரத்தின் வாசனையும் வரும்.

வெளிநாட்டிலிருந்து சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம். முன்விளக்கு ஒரு பழைய லொறியிலிருந்து வந்தது. காற்றைத் தடுக்கும் கண்ணாடியைச் சாமிப் படத்துக்குச் சட்டம் போடுகிறவர் வெட்டிக் கொடுத்தார். ஸ்டோர் கூரைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ட் காருக்கு ஆயிற்று. கடைசியில் அப்பா, துரை பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருக்கக்கூடிய ஒரு காரியத்தையும் செய்தார். இரண்டு சீட்டுக்கும் பின்னால் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, எனக்காக ஒரு குட்டிப் பலகை போட்டு, அதில் தேங்காய்நார் மெத்தையும் தைத்து வைத்தார். "மாத்தளத் தேருக்கு இதுல ஒக்காந்துதான் போற" என்றார். வருஷா வருஷம் மாசி மாதம் வந்தது, அம்மன் தேரும் ஓடியது. நாங்கள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய் வந்தோம்.

அப்பா ஐந்து மணிக்கு ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெளிச்சம் மங்கும்வரை காருக்கடியில் படுத்துக்கிடப்பார். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய விரல்களால்தான் சாப்பிடுவார். பேசக்கூடத் தெம்பு இருக்காது. தாலியை அந்தக் காருக்கே கட்டியிருக்கலாமே என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அவளுக்கும் நாள் முழுக்க வேலை. இரண்டு களைத்துப்போன மனிதர்களுக்கு நடுவில் ஒரு காரைப் பார்த்துக்கொண்டே நான் வளர்ந்தேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஓடியது. சத்தம் கேட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் என்று என்னை ஏற்றாமல் அப்பா தனியாகத்தான் போனார். யட்டவத்த கடைத்தெருவரை போய்த் திரும்பும் வழியில், புத்தகத்தில் கறையான் தின்ற பக்கம் தன் வேலையைக் காட்டிவிட்டது. பிரேக் பிடிக்காமல் காரை மண்மேட்டில் முட்டி நிறுத்திவிட்டு, தலையெல்லாம் மிளகு இலையோடு நடந்து வந்து, வாசலில் உட்கார்ந்து சிரித்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு வாரத்தில் பிரேக்கும் சரியாயிற்று.

அடுத்த மாதம் பாஸ்போர்ட் தயார் என்று கடிதம் வந்தது. எங்களைப் போன்றவர்களைத் தங்கள் நாட்டுக்காரர்கள் இல்லை என்று சிலோன் சொல்லிவிட, சிலோன், இந்தியா இரண்டு அரசாங்கமும் எங்களைப் பேசிப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த நேரம். திருச்சியில் இருந்த பெரிய மாமா, இந்தியாவுக்கு வருவதாகவே எழுதிக் கொடுங்கள், இங்கே வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். அம்மா பிடித்த பிடியில் அப்பாவும் எழுதிக் கொடுத்திருந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, ஆகட்டும், காரை விற்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அதில்தான் நம் சல்லியெல்லாம் முடங்கிக் கிடக்கிறது என்றார் அப்பா. அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது.

அந்த வாரமே கார் நின்றுபோனது.

ரோட்டர் உடைந்துவிட்டது என்றார் அப்பா. அது கட்டைவிரல் தடிப்பில், பழுப்பு நிறத்தில், தலையில் பித்தளைத் தகடு பதித்த ஒரு சின்னக் குமிழ். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி போகாது. முட்டி மோதித் தள்ளினாலும் கார் கிளம்பாது. எந்தக் கடையிலாவது தேடிப் பார்க்கட்டும் என்று, செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் அதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி வைத்தார். நான் அதைத் தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டேன்.

காரை வாங்குவதற்கு ஆள் இருந்தார். பலாபத்வலயில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் முஸ்லிம் முதலாளி அவர். கடைத்தெருவில் சிவப்புக் கார் போனதைப் பார்த்த நாளிலிருந்து அவருடைய மகன் வீட்டில் சோறு தின்ன மறுக்கிறானாம். முதலாளி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவார். அப்பா வரைந்த படத்தையே கொழும்புக்குக் கொண்டுபோய், மூன்று தடவை மூன்று ரோட்டர் வாங்கி வந்தார். ஒவ்வொன்றையும் அப்பா வைத்துப் பார்ப்பார். ஒன்று உயரம் கூட, ஒன்று துவாரம் சின்னது, இன்னொன்று எல்லாமே சரி ஆனால் சேராது. அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கிளம்ப வேண்டிய தவணை வந்தது. கண்டியில் இருந்த இந்திய ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்து ஒரு தடவை தள்ளிப் போட்டு வந்தார், பிறகு இன்னொரு தடவை.

அம்மா மனிதர்களை நம்பியது போதும் என்று முடிவு செய்தாள். கார் ஓடி, நல்லபடியாக ஊர் போய்ச் சேர வேண்டும் என்று ஐம்பது சதத்தை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள். ஒரு வாரம் கழித்து அப்பாவும் குளித்துத் திருநீறு பூசி வந்து, தன் பங்குக்கு ஒரு முடிச்சு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வாய்திறந்து சாமியிடம் எதையும் கேட்காத மனிதர் அவர். அன்றைக்கு அம்மா அவரிடம் ரொம்பப் பிரியமாகப் பேசினாள். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு முடிச்சுகளையும் கையில் எடுத்து, சாம்பிராணி காட்டி, பூ வைத்துத் திரும்ப வைப்பாள். நேர்ந்து முடிந்ததை, வேண்டியது நடக்காமல் யாரும் அவிழ்ப்பதில்லை. அது எங்கள் வீட்டில் சுவரை இடிப்பதைவிடப் பெரிய குற்றம்.

அப்படியே மாசி வந்தது. தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முதலாளி வந்தார். உட்காரவில்லை.

"கிளாக்கர் ஐயா, நானும் எத்தன தரம்தான் வாறது? இன்னைக்கு ஓடினா எடுத்துட்டுப் போறேன். இல்லாட்டி மகனுக்கு மோட்டர் சைக்கிள் ஒண்டு எடுத்துக் குடுக்கப் போறேன்."

அப்பா கையை விரித்தார். "என்னா செய்யச் சொல்றீங்க மொதலாளி. சாமான் இல்லியே."

அம்மா அடுப்படியில் முதலாளிக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்தியில் அல்ல. தேர்க் கடைகளில் வளையல் வாங்க எனக்குக் காசு வேண்டியிருந்தது. ஒரே காரியத்துக்கு இரண்டு பேர் நேர்ந்திருக்கிறார்கள், அம்மனுக்கு ஒரு காசு போதாதா என்று எனக்குள் வழக்குப் பேசி, எனக்கே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அம்மாவின் முடிச்சை எடுக்கப் பயம். அப்பாவின் முடிச்சை எடுத்தேன். கையில் எடுத்ததுமே அது காசு இல்லை என்று தெரிந்துவிட்டது.

அவிழ்த்தால் உள்ளே ரோட்டர். சுவரில் இருந்த படம் அப்படியே கைக்கு வந்ததுபோல இருந்தது.

அப்பா காசைத்தான் முடிந்து வைத்தார். அதை அம்மன் ரோட்டராக மாற்றிவிட்டாள். இதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை. மஞ்சள் துணியும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். "அப்பா, அம்மன் குடுத்துருச்சு" என்று நீட்டினேன்.

அப்பா அதை உடனே வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி மிளகுக் கொடியைப் பார்த்தார். அந்தக் கொடியில் அப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"ஐயா, வேணும்னா தேரெல்லாம் முடியட்டும். நான் பொறகு வாறேன்" என்றார் அவர், தணிந்த குரலில்.

"இல்ல மொதலாளி. இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க."

குமிழை வைத்து, மூடியை மாட்டி, கைப்பிடியை ஒரே சுற்றுச் சுற்றினார். ஒரு வருஷம் வாய்திறக்காத கார் முதல் சுற்றிலேயே கிளம்பியது. பிளேன்டீயோடு வெளியே வந்த அம்மா, ஓடும் காரைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள். தட்டைப் படியில் வைத்துவிட்டு வந்து என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அம்மா என்னை அடித்ததில்லை. அப்பாதான் குறுக்கே வந்தார்.

"அடிக்காத. அம்மன் குடுத்தத கொண்டாந்து குடுத்துருக்கா. அவ என்னா செய்வா."

பிறகு முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, என்னைத் தூக்கிப் பின் பலகையில் உட்கார வைத்து, தோட்டத்து கேட் வரை ஒரு நடை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். அழுத கண்ணில் காற்று அடித்தது. லயத்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். நான் அவர்களுக்கெல்லாம் கையாட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெப்போதும் இருந்ததில்லை. அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரே மாதத்தில் தலைமன்னார் போய்க் கப்பலேறிவிட்டோம். பெரிய மாமாவின் வீட்டில் எங்களுக்கு இடம் இருந்தது நாற்பது நாள்தான். அதன்பிறகு இந்த மலைக்கு வந்தோம். இங்கிலீஷில் கடிதம் எழுதிய அப்பா, ஒரு தேயிலை ஃபேக்டரியில் மூட்டைக்கு நம்பர் போட்டார். சக்கரம் வைத்த எதையும் அவர் திரும்பத் தொடவில்லை. என் சைக்கிளில் செயின் கழன்றால்கூடக் கடைக்குக் கொண்டுபோ என்பார். நான் என் அற்புதத்தை வெகுநாள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாளும் மறுக்கவில்லை. அவர் எதை ஒளித்து வைத்தார், ஏன் வைத்தார் என்பது அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சிலோனை விட்டுப் போகாமல் இருப்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே வழி அந்தக் குமிழ். அதை நான்தான் கொண்டுபோய் நீட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். போன வாரம் சாமி விளக்கைத் துடைக்கும்போதுதான் மற்றது தோன்றியது. காசுக்கும் ரோட்டருக்கும் உள்ள வித்தியாசம், பத்து வயதுக் கைக்கு எடுத்ததுமே தெரிந்தது. அம்மா அந்த முடிச்சை மாதக்கணக்கில், வெள்ளிக்கிழமைதோறும் கையில் எடுத்துச் சாம்பிராணி காட்டிப் பூ வைத்தாள். ஊருக்குப் போக வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே, எடுத்ததை எடுத்தபடியே திரும்ப வைத்தாள். அன்றைக்கு என் கன்னத்தில் விழுந்த அறை, நேர்ந்த முடிச்சை அவிழ்த்ததற்காக என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.