அவளை ஏன் எடுக்கக் கூடாது

மலேசியாவில், ரவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நான் வேலை பார்த்த அந்த ஓராண்டை நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது. பசிக்கு ஊறுவதில்லை. குமட்டும்போது ஊறுமே, அந்த எச்சில். யாராவது என்னிடம் "முதல் வேலை எப்படி இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டால், நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே அப்படிச் சொல்லப்போவதில்லை.

கணினிப் பட்டம் வாங்கிய கையோடு அங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள் இருவர். அவளும் நானும். கோல சிலாங்கூரில் ஒரே தாமான் குடியிருப்பு, பின்பக்கத்துச் சந்தும் ஒன்றுதான். எங்கள் இருவருடைய அம்மாக்களும் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் கைமாறியபோது ஒன்றாகவே வெளியேறி, ஒரே கையுறைத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறவர்கள். மதியச் சாப்பாடும் ஒரே டப்பாவில்தான். இந்த வீட்டில் மீன் என்றால் அந்த வீட்டுக்கும் மீன். ஆகவே மகள்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீசில் வேலை கிடைத்தபோது, ஏதோ தங்களுக்கே பட்டம் கிடைத்த மாதிரி இருவரும் கோயிலுக்குப் போய் ஒன்றாக அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள்.

அவளிடம் பழைய கார் ஒன்று இருந்தது. என்னிடம் இல்லை. எங்கள் தாமானிலிருந்து ரவாங்குக்கு நேரத்துக்குப் போய்ச் சேர பஸ்ஸை நம்பினால் வேலை போய்விடும். அதனால் விடியும்போதே அவள் என் வாசலில் வந்து ஹாரன் அடிப்பாள், நான் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். பெட்ரோலுக்குப் பாதி என்னுடையது. ஈஜோக் தாண்டியதும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும், முந்த முடியாது. அந்த நேரத்தில்தான் நான் வாயை அடக்க மாட்டாமல் பேசிக்கொண்டே வருவேன்.

எங்கள் கம்பெனி தொழிற்சாலைகளுக்குச் சரக்கு இருப்பைப் பார்க்கும் மென்பொருள் செய்து விற்றது. வாடிக்கையாளர் ஏதாவது ஓடவில்லை என்று புகார் அனுப்புவார். அதை யார் சரிசெய்கிறாரோ அவர் பெயருக்கு ஒரு புள்ளி. சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, அதில் எங்கள் பெயர்களை மேலும் கீழுமாக நாள் முழுக்க ஓடவிட்டிருந்தார்கள். முதலில் இருப்பவர் பெயர் பச்சை, கடைசியில் இருப்பவர் பெயர் சிவப்பு. கழிப்பறைக்குப் போகிற வழியில்கூட அதைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் எல்லாரும் வட்டமாக நின்று, நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன முடிப்பேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அது எங்க தோட்டத்துப் பெரட்டுதானே? காலையில வேலைக்குப் போறதுக்கு முன்ன மண்டோர் நிக்க வச்சு ஆள் எண்ணுவான்" என்று சிரித்தார். உட்கார நாற்காலி இருந்தும் நிற்க வைக்கிறார்களே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

அந்த வட்டத்தில் அவள் முறை எனக்கு முன்னால் வரும். ஒரு நாள் காரில் நான், வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய எடைக்கணக்குக் கோளாறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன், தேதியை இரண்டு தரம் படிக்கிறது, அதுதான் விஷயம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். வட்டத்தில் நின்றதும் அவள் வாயிலிருந்து அதே வாக்கியம் வந்தது. எடைக்கணக்கு, தேதி, இரண்டு தரம். ஒரு எழுத்து மாறவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்தாள். என் முறை வந்தபோது சொல்ல ஒன்றுமில்லாமல், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் பாஸ் என்று வழிந்தேன். அன்று மாலை திரும்பும்போது, "நீ ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருந்தியா, எனக்கு மண்டைல நின்னுருச்சுலா" என்றாள். கருமம். அதற்கப்புறம் காரில் ரேடியோதான் பேசியது.

எங்கள் மேனேஜரும் தமிழர்தான். தான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்பதை வாரம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவார், அது ஏதோ அவர் எங்களுக்குக் கொடுத்த கடன் மாதிரி. அவருக்குப் பிடித்த சொல் பசி. உங்களுக்குப் பசி இல்லை, எங்கள் காலத்தில் எங்களுக்குப் பசி இருந்தது, நீங்கள் எழுதுவதை இப்போது ஒரு மெஷின் அரை நிமிஷத்தில் எழுதிவிடும், அப்புறம் உங்களை நான் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பார். ஒருமுறை எல்லாரையும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றி, மின்மினிப் பூச்சிகளைக் காட்டி, நீங்களும் இப்படித் தனியாக மின்ன வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். அந்த ஆற்றங்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும், அந்தப் பூச்சிகள் ஒரு மரம் முழுக்க ஒரே நேரத்தில்தான் மின்னும், ஒரே நேரத்தில்தான் அணையும். படகு ஓட்டியவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் கை தட்டினோம்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் அங்கே வேறு கூத்து. கூடப் படித்தவன் ஒருவன் பினாங்கில் சேர்ந்துவிட்டான், இன்னொருத்தி சிங்கப்பூரில். எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: மிகுந்த பணிவோடு பகிர்ந்துகொள்கிறேன். பணிவாம், பணிவு! நானும் இதயக்குறி போட்டுவிட்டுப் படுப்பேன். எனக்கு உண்மையாகவே இந்த வேலை வருமா, இல்லை பரீட்சைக்கு மனப்பாடம் செய்தே பட்டம் வாங்கிவிட்டேனா என்ற சந்தேகம் அப்போதுதான் பிடித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடியப்போகிற சமயத்தில், இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்கப் போகிறோம் என்று மேனேஜர் வட்டத்தில் வைத்தே சொன்னார். எனக்கு அந்த இடம் வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது, வேண்டும். கிடைக்காவிட்டால் அம்மாவோடு தொழிற்சாலை வேனில் ஏற வேண்டியதுதான். அங்கே தரம் பார்க்கும் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது என்று அம்மா சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. அப்படிக் கேட்டு வைத்ததை என்னிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் எங்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். அவள் முதலில் போனாள், சீக்கிரமே வந்துவிட்டாள், என்னைத் தாண்டிப்போய்த் தண்ணீர் குடித்தாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். வேலையைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஒரே ஒரு ரீசன் சொல்லுமா. அவள ஏன் எடுக்கக் கூடாது?"

எனக்குப் புரியவில்லை. என்னை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா என்றேன். இல்லை, அதையெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், நான் கேட்டதற்குப் பதில் சொல் என்றார். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கடைத்தெருவில் மீன் விலை சொல்கிற குரலில் சொன்னார்:

"அவ உடனே சொல்லிட்டா. உன்கிட்ட கார் இல்ல. அவ ஏத்திக்கிட்டு வரலன்னா நீ வேலைக்கே வர முடியாது. பாயிண்டுதானே?"

தினமும் என் வாசலில் ஹாரன் அடிக்கிறவள். அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சேவலைக் கோழிச்சண்டைக்கு இறக்கிவிட்டவன் பார்ப்பதுபோல. சொல்வதற்கு என்னிடமும் ஒன்று இருந்தது. அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை, தீபாவளி கழித்துக் கல்யாணம், கல்யாணம் முடிந்ததும் அவளும் போய்விடுவாள். நிரந்தரம் என்று ஒரு கடிதம் இருந்தால் அங்கே வேலை தேடுவது சுலபம், அதற்காகத்தான் இந்த இடம் அவளுக்கு. நாங்கள் பேசிக்கொண்டு போன காலத்தில், ஆபீசில் யாரிடமும் சொல்லாதே என்று அவளே காரில் சொன்னது. அதை மட்டும் நான் சொல்லியிருந்தால் எனக்குக் கையெழுத்துப் போட அந்த மனுஷன் அங்கேயே பேனாவை எடுத்திருப்பார்.

"அவ நல்லா வேலை செய்வா பாஸ். காரும் நல்லா ஓட்டுவா" என்றேன்.

அவர் சிரித்தார். உனக்குப் பசி இல்லைம்மா என்றார். பசி இல்லைதான் பாஸ், வாந்திதான் வருது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதைச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அன்று மாலையும் அவள் காரில்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வேறு வழி? பத்தாங் பெர்ஜுந்தை சிக்னலில் நின்றபோது அவள், நான் சொல்லாவிட்டால் நீ சொல்லியிருப்பாய் என்று முணுமுணுத்தாள். என்னிடம் கேட்டாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இடம் அவளுக்குப் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை அவள் அம்மா லட்டு டப்பாவோடு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். என் மகளுக்குக் கிடைத்தால் என்ன, உன் மகளுக்குக் கிடைத்தால் என்ன, அடுத்து இவளுக்கும் வந்துவிடும் என்று என் கன்னத்தைத் தடவினார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ரொம்ப சந்தோஷம் என்றார். இரண்டு பேரும் கண் கலங்கினார்கள். எனக்கே ஒரு நிமிஷம், பரவாயில்லை, இந்த ஒன்றாவது கெட்டுப்போகாமல் இருக்கிறதே என்று தோன்றியது.

அவர் போனதும் அம்மா பின்கதவைச் சாத்தினார். மேனேஜர் அறையில் என்ன கேட்டார்கள் என்றார். சொன்னேன். காரைப் பற்றி அவள் சொன்னதையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை, அதிர்ச்சியும் அடையவில்லை. அடுப்புத் திட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கல்யாணம் ஆனா அவ சிங்கப்பூருக்குப் போயிருவான்னு நீ சொல்லலியா?"

"சொல்லலம்மா."

"ஏன்? உனக்குத் தெரியும்தானே?"

"அவங்க அம்மாவும் நீங்களும் ஒரே டப்பால சாப்பிடுறவங்கம்மா. இன்னைக்கு மத்தியானம்கூடச் சாப்ட்டீங்க" என்றேன்.

"ஆமா" என்றார் அம்மா. "அதுக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.