தேவிகுளத்தில் சோக்கு இல்லாத கார்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பாலக்காட்டு நல்லேப்பிள்ளியிலிருந்து கிளம்பினேன். என்னைவிட ஒரு வயது மூத்த கார். எட்டு மாதத்துக்கு முன் வாங்கியது. புதிய காரெல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்குச் சக்கரம் மாட்டியது என்றும், இதைத்தான் மனிதன் தன் கையால் கழற்றி மாட்ட முடியும் என்றும் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களிடமும்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லை தாண்டி, பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு பங்கில் டேங்கை நிரப்பினேன். தமிழ்நாட்டில் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு. உடுமலையில் சாப்பாடு. சின்னாறு காட்டைத் தாண்டி மறையூர் ஏறும்போது கண்ணாடியை இறக்கினேன், வாகுவரை தாண்டியதும் குளிருக்கு ஏற்றிவிட்டேன். மூணாறு ஊருக்குள் அரைமணி நேர நெரிசல். அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர் தேவிகுளம், அதற்கும் அப்பால் மூன்று கிலோமீட்டர் எஸ்டேட் மண்பாதை. மாலை நாலரைக்கு, ஏறத்தாழ நூற்று அறுபது கிலோமீட்டர் ஓடி, ஜெபராஜின் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் நிறுத்தினேன். ஒரு இருமல்கூட இல்லை. பானெட்டைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜெபராஜ் கோயம்புத்தூர்க் கல்லூரியில் என் அறைத்தோழன். அவன் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அன்று சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது. மறுநாள் அவன் தங்கை ஸ்டெல்லாவுக்கு அடிமாலியில் அரசு வேலைக்கான தேர்வு. பத்து மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அம்மாவுக்கு மார்ச்சோடு ஓய்வு வயது. எஸ்டேட்டில் வேலை செய்கிற ஆள் ஒருவர் இருக்கும்வரைதான் லயத்து வீடு. ஜெபராஜுக்குச் சென்னையில் வேலை கிடைத்து அது மூன்றே மாதத்தில் போய்விட்டது. ஸ்டெல்லா தேறினால் தேவிகுளத்தில் வாடகைக்கு வீடு பிடிக்கலாம். இல்லையென்றால் அம்மாவின் இடத்தில் அவள் பேர் கொடுத்து, கூடை கட்ட வேண்டும். பி.காம். படித்தவள்.

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

சனிக்கிழமை, காலை ஆறரை. புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளை. நான்கு டிகிரிக்கு மேல் இருக்காது. சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுழன்றது, சுழன்றது, பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சோக்குக் குமிழை முழுக்க இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி திருப்பினேன். அதே சத்தம்.

ஆறு ஐம்பதுக்கு எஸ்டேட் டிரிப் ஜீப் வந்து நின்றது. மூணாறுக்குப் போகிற ஜீப். அங்கிருந்து அடிமாலிக்கு வேண்டிய பஸ் உண்டு. ஸ்டெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நான் ஜீப்புலயே போயிருதேன்."

"அஞ்சு நிமிசமுங்க. பேட்டரி நல்லா சுத்துது, பாருங்க. சின்ன விசயம்தான்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் படித்தவன். ஜீப் போய்விட்டது.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றும் உலர்ந்து கிடந்தன. பொறி வருகிறதா? நீலமாக வருகிறது. அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றினேன், பீய்ச்சியடித்தது. அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது. ஆனால் பிளக் உலர்ந்திருக்கிறது. பொள்ளாச்சி பங்குக்காரன் தண்ணீர் கலந்துவிட்டான் என்று கத்தினேன். ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம். சுத்தமான பெட்ரோல். அதற்கும் கோபம் வந்தது.

வேலைக்குப் போகிறவர்கள் வழியில் நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வெந்நீர் ஊற்றச் சொன்னார். கம்பளித் தொப்பி போட்ட ஓர் அக்கா, "வண்டிக்கு ஒரு சால்வைய போத்துங்க, எங்க வீட்டு மனுசனும் ஏழு மணி வரைக்கும் இப்படித்தான் கெடப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர் கூடையைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

ஏழே முக்காலுக்கு ஸ்டெல்லா மறுபடி கேட்டாள். "தேவிகுளத்துக்கு நடந்துபோயி எட்டேகால் பஸ்ஸப் பிடிக்கட்டா அண்ணே?"

"வேண்டாம்மா, கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன். பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு என்பது என் கண்டுபிடிப்பு. ஃபில்டரை ஊதினேன். அடைப்பு இல்லை.

தள்ளிப் பார்ப்பது என்று முடிவானது. எட்டுப் பேர் தள்ளினார்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். கார் குலுங்கிக் குலுங்கிப் போய் பெரட்டுக் களத்தில் நின்றது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தத் திடலில், அவ்வளவு நேரமும் மேலே நின்று அவமானப்பட்டவன், இப்போது கங்காணிக்கும் ஐம்பது பெண்களுக்கும் நடுவில் நின்று அவமானப்பட்டேன். டயரை உதைத்தேன். கால் பெருவிரலில் இன்னும் வலி இருக்கிறது.

"ஏல, அதப் போயி மிதிக்க? அது என்னல செய்யும்?" என்றான் ஜெபராஜ்.

அப்போது ஸ்டெல்லா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "இந்தக் குமிழு எதுக்குண்ணே?"

"சோக்கு. குளிர்ல கார்புரேட்டருக்குக் காத்தக் கொறச்சுப் பெட்ரோல அதிகமாக் கொடுக்கும். இழுத்துத்தான் வச்சிருக்கேன்."

"இழுத்தா இவ்வளவு லேசாவா இருக்கும்?" என்று இன்னும் கொஞ்சம் இழுத்தாள். குமிழ் கையோடு வந்துவிட்டது. பின்னால் நான்கு அங்குலம் கம்பி. நுனி கட்டிங் பிளேயரால் நறுக்கிய நறுக்கு.

காலையிலிருந்து நான் இழுத்துக்கொண்டிருந்தது எதோடும் சேராத கம்பி.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினேன். கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடிக்கொண்டு, ஜெபராஜைச் சாவி திருப்பச் சொன்னேன். இரண்டாவது திருப்பலில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பத்து நொடி வேலை. மணி எட்டு ஐம்பது.

தேவிகுளத்திலிருந்து அடிமாலி முப்பத்தேழு கிலோமீட்டர். சனிக்கிழமை. மூணாறில் சுற்றுலா வேன்கள் பூண்டு, சாக்லேட் வாங்க நின்று நின்று போயின. பள்ளிவாசல் வளைவில் ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் எதிரெதிரே நின்று, யார் பின்வாங்குவது என்று வாய்ச்சண்டை. ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஸ்டெல்லா ஹால் டிக்கெட்டை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

பள்ளிக்கூட வாசலில் பத்து மணி ஏழு நிமிடம்.

"சமயம் கழிஞ்ஞு மோளே" என்றார் காவலர், நேரம் முடிந்துவிட்டதாம். நான் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். ஏழு நிமிடத்தில் என்ன குடிமுழுகிப் போகும், தேர்வு பத்தரைக்குத்தானே, மலையிலிருந்து வருகிற பெண் என்று பாதித் தமிழ், பாதி மலையாளத்தில் கத்தினேன். அவர் சட்டம் பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கைப்பேசியில் சிக்னல் வந்தது. நல்லேப்பிள்ளி மெக்கானிக் நடராசுவைக் கூப்பிட்டேன். ஏன் சோக்கு ஒயரை வெட்டினீர்கள் என்று கேட்ட கேள்வியில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங் தம்பி, வாங்குனப்பவே சொன்னனுங்களே? ஒயரு துருப்புடிச்சு ஒட்டிக்கிச்சு, வெட்டியுடறேன், நம்மூரு வெயிலுக்குச் சோக்கு எதுக்குங்கன்னேன். நீங்க போனப் பாத்துட்டே சரீங்கன்னு தலையாட்டுனீங்க."

"நான் மலைக்குப் போவேன்னு..."

"மலைக்குப் போறேன்னு நீங்க சொன்னீங்களாக்கும்?"

பாலக்காட்டுக் கிழக்கில் ஓடுகிற பழைய கார்களில் பாதி இப்படித்தான் ஓடுகின்றன. ஊரில் ஜனவரியிலும் சாவி திருப்பினால் பிடித்துக்கொள்ளும். குமிழை மட்டும் ஓட்டை தெரியாமல் இருக்க விட்டுவைப்பார்கள். நான் தினமும் துணி போட்டுத் துடைத்தது அந்தக் குமிழைத்தான்.

போனை வைத்துவிட்டு மறுபடியும் காவலரிடம் போனேன். ஸ்டெல்லா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவர விடுங்கண்ணே. ஜீப்ப அவரா போகச் சொன்னாரு?"

குரலை உயர்த்தவில்லை. அதோடு அதைப் பற்றிப் பேச்சு முடிந்தது. திரும்பி வரும்போது, பெருவிரல் வீங்கியிருக்கிறதா என்றுகூடக் கேட்டாள்.

மதியம் இரண்டரைக்கு லயத்தில் விடைபெற்றேன். அம்மா கேரியரில் சோறும் மீன்குழம்பும் கட்டிக் கொடுத்தார். "மலையில பாத்துப் போங்கய்யா, தூரம்லா" என்றார். கங்காணி வந்து, மார்ச்சுக்கு ஸ்டெல்லாவின் பேரை எழுதிக்கொள்ளட்டுமா என்று வாசலில் நின்று கேட்டார். அம்மா அவளைப் பார்த்தார். "எழுதிக்கிடுங்க" என்றாள் அவள், தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டே. நான் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சூடாக இருந்ததால் தொட்டவுடன் பிடித்தது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு பெண்ணின் பரீட்சையைக் கெடுத்திருந்தால், அவள் மாமன்மார் வாசலுக்கே வந்து என் பரம்பரையைக் கிழித்திருப்பார்கள். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், ஒரு வாரத்தில் எல்லாம் ஆறியிருக்கும். இங்கே ஒருவரும் என்னைத் திட்டவில்லை. மறையூர் இறக்கத்தில் காரை ஓரங்கட்டி அந்தச் சோற்றைத் திறந்தேன். மீனின் நடுத்துண்டுகளாகப் பொறுக்கி வைத்திருந்தார்கள்.