வாழைக்கறைப் படம்

மார்க்கையன்கோட்டையில் எங்களுக்கு வாழைத் தோப்பு. கணவர் சட்டையில் ஒட்டிவரும் வாழைக்கறையை எந்த சோப்பாலும் என்னால் போக்க முடிந்ததில்லை. போன மாதம் ஒருநாள், அந்தக் கறையாலேயே படம் வரைந்தால் என்ன என்று தோன்றியது. மொட்டைமாடியில் வெள்ளைத் துணியை விரித்து, வெட்டிய வாழைத்தண்டை அதன்மேல் இழுத்தேன், தட்டினேன், சுழற்றினேன். ஈரத்தின்மேல் செம்மண்ணையும் தூவினேன்.

"வெறுந் தண்ணியத் தெளிச்சு மண்ணத் தூவுன மாதிரில்ல இருக்கு" என்றார் கணவர்.

மறுநாள் காலையில் துணியெங்கும் பழுப்புக் கோடுகள் பாய்ந்து கிடந்தன. நான் போட்ட கூச்சலில் அவர் மாடிக்கு ஓடிவந்தார்.

"இது என்ன படம் புள்ள?"

"எனக்கும் தெரியலையே!"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் கீழே போய், பீரோவிலிருந்த புது வேட்டியை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார்.

"இதுலயும் போடு. மதினி மகன் கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போறேன்."