அடிக்கொரு ஞானப்பிள்ளை

என்ரை மனிசன் கனிசியஸுக்கு ஏழு ஞானப்பிள்ளையள். அதிலை ஆறை அவர் அடிவாங்கித்தான் சம்பாதிச்சவர்.

நம்பாட்டில் குருநகரிலை ஆரையும் கேட்டுப் பாருங்கோ. பகலிலை அவர் படகு எஞ்சினுக்குச் சாமான் விக்கிற கடையிலை நிக்கிறவர். பின்னேரத்திலை கறுப்புச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்திலை கொழுவிக்கொண்டு உதைபந்தாட்டத்துக்கு ரெஃபரி வேலைக்குப் போவார். ஆள் மெலிஞ்சவர். கோபமாய் ஒரு வார்த்தை கதைக்கத் தெரியாது. அதாலை ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் கோவிக்கிறனான்.

முந்தி இஞ்சை பந்தடி எண்டால் பின்னேரப் பொழுதுபோக்கு. இப்ப லீக் எண்டு ஒண்டு வந்து, பொடியளுக்குச் சம்பளம், சப்பாத்து, பேஸ்புக்கிலை படம் எல்லாம் குடுக்கினம். சம்பளம் வாங்கி விளையாடுற ஒருத்தன் தன்ரை பிழையாலை தோத்ததாய் இண்டைவரைக்கும் நான் கேள்விப்படேல்லை. எல்லாம் ரெஃபரியின்ரை பிழை. தோத்தால் தோத்த பக்கம் அடிக்கும். ஆட்டம் சமநிலையிலை முடிஞ்சால் ரெண்டு பக்கமும் அடிக்கும். அந்த ஒரு விசயத்திலை எல்லாக் கழகமும் நல்ல ஒற்றுமை.

அடிச்சவனை விசாரிக்க ஒழுக்காற்றுக் குழு எண்டு ஒண்டு இருக்கு. அதுக்குத் தலைவர் சண்முகநாதன் மாஸ்டர். கொக்குவில்காரர், பள்ளிக்கூட அதிபராய் இருந்து இளைப்பாறினவர். ஆள் சைவப்பழம், திருநீறு இல்லாமல் படலை தாண்டமாட்டார். ஆனால் எங்கடை ஞானஸ்நானத்தை எங்கடை சுவாமிமாரைவிட வடிவாய்ப் பாவிக்கத் தெரிஞ்ச மனிசன் அவர்தான்.

விசயம் இதுதான். எங்கடை ஆக்களிலை ஒருத்தர் வந்து, என்ரை பிள்ளைக்கு ஞானத்தகப்பனாய் நில்லுங்கோ எண்டு கேட்டால் இல்லையெண்டு சொல்லப்படாது. பச்சைமண்ணைக் கோயில் வாசலிலை வைச்சுத் துரத்தின பாவம் வரும். நிண்டாப்பிறகு ரெண்டு குடும்பமும் சொந்தம். சொந்தத்துக்கு எதிராய் முறைப்பாடு குடுத்துப்போட்டு ஊருக்குள்ளை தலைகாட்ட ஏலாது.

இந்த வழியை மாஸ்டர் கண்டுபிடிச்சது கொலின்ஸின்ரை விசயத்திலை. கொலின்ஸ் ஒரு கழகத்தின்ரை தலைவன். தங்களுக்கு எதிராய்ப் பெனால்டி குடுத்ததுக்கு என்ரை மனிசனுக்கு இடது காதைப் பொத்தி ஒண்டு விட்டவன். அண்டைக்குப் போன காது திரும்பி வரேல்லை. டொக்டர்மாரும் கையை விரிச்சிட்டினம். விசாரணைக்கு முதல்நாள் மாஸ்டர் கொலின்ஸையும் அவன்ரை மனிசியையும் கைக்குழந்தையோடை எங்கடை வீட்டை கூட்டிக்கொண்டு வந்தார். "கனிசியஸ், இந்தப் பிள்ளைக்கு நீங்கள்தான் நிக்கவேணுமாம்" எண்டார். முறைப்பாடு அதோடை சரி.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாஸ்டருக்கு அது தெரியும். அதைத்தான் என்னாலை மன்னிக்க ஏலாமல் கிடக்கு. குழந்தையைக் கையிலை வாங்கின உடனை என்ரை மனிசன்ரை முகம் மாறினதை நானும் கண்டனான், மாஸ்டரும் கண்டவர். அதுக்குப் பிறகு ஆர் அடிச்சாலும் மாஸ்டர் கேக்கிற முதல் கேள்வி, "தம்பி, ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளை ஏதும் வீட்டிலை இருக்கோ?" எண்டதுதான். இருந்தால் விசாரணை முடிஞ்சுது. இப்பிடித்தான் ஆறு சேந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு ஆறுக்கும் உடுப்பு எடுக்கிறதும் நாங்கள்தான்.

ஏழாவது சுபாஸின்ரை. சுபாஸ் லீக்கின்ரை செல்லப்பிள்ளை. அவன் கோல் அடிச்சால் சனம் மதிலிலை ஏறி நிண்டு கத்தும். அரையிறுதியிலை அவன் அடிச்ச கோல் ஒண்டை, ஓஃப்சைட் எண்டு என்ரை மனிசன் தள்ளிப்போட்டார். சுபாஸ் கெட்டிக்காரன். எந்தக் காது கேளாதெண்டு அவனுக்குத் தெரியும். சனத்தின்ரை இரைச்சலுக்குள்ளை ஓடிவந்து, இடது காதுக்குக் கிட்ட வாயை வைச்சு ஒரு பாட்டம் கெட்ட வார்த்தை பொழிஞ்சான். இவர் அவன்ரை வாய் போற போக்கைப் பாத்துச் சிவப்பு அட்டையைக் காட்டினார். அவன் அதைப் பறிச்சுக் கிழிச்சு எறிஞ்சுபோட்டுப் பந்துக்குப் பின்னாலை ஓடினான். மாஸ்டர் கோட்டுக்கு வெளியிலை நிண்டு, விளையாட்டு நடக்கட்டும், சனம் குழம்பும் எண்டு கையைக் காட்டினவர்.

பேந்து விசாரணை.

"என்ன சொன்னவன்?" எண்டு மாஸ்டர் கேட்டார்.

"இடது காதிலை சொன்னவன், மாஸ்டர்" எண்டார் என்ரை மனிசன்.

"அப்ப நீங்கள் கேக்கேல்லை."

"கேக்கேல்லை."

"கேளாத சொல்லுக்கு நாங்கள் என்னெண்டு தண்டனை குடுக்கிறது? சரி, சிவப்பு அட்டை எங்கை?"

"கிழிச்சுப்போட்டான்."

"அப்ப அட்டையும் இல்லை."

விளங்குதோ உங்களுக்கு? ஒருத்தன் காதைச் செவிடாக்கினால், அடுத்தவன் அந்தக் காதுக்குள்ளை என்னத்தையும் சொல்லலாம். கண்டறியாத சட்டம். படிச்ச மனிசர் நாலுபேர் மேசையைச் சுத்தி இருந்து, தேத்தண்ணியும் குடிச்சுக் குடிச்சு இதைத் தீர்மானிச்சவை.

அண்டைக்கு வீட்டை வந்த மனிசன் விசிலைக் கழட்டி மேசையிலை வைச்சார். "மேர்சி, ஒருத்தனுக்கு எண்டாலும் ஒருக்கால் தண்டனை குடுக்கவேணும். இல்லாட்டில் நான் இனி விசில் ஊதமாட்டன். கொழும்புத் தலைமைச் சங்கத்துக்கு எழுதப்போறன்" எண்டார். பந்தடியும் அந்த ஆறு பிள்ளையளும்தான் அவருக்கு இந்த உலகத்திலை புளுகம், சந்தோசம் எல்லாம். அதிலை பாதியை விடப்போறன் எண்டு அவர் பகிடிக்குச் சொல்லேல்லை.

கொழும்பு எண்ட சொல்லு எப்பிடியோ கொக்குவிலுக்குப் போயிட்டுது. அடுத்தநாளே மாஸ்டர் வந்தார். பின்னாலை சுபாஸ், கையிலை பெரிய பாரை மீனோடை. அவன்ரை மனிசி ஜெயனியின்ரை தோளிலை பிள்ளை.

"அண்ணை, மகனுக்கு நீங்கள்தான் நிக்கவேணும்" எண்டான் சுபாஸ்.

"காதுக்குள்ளை பேசேக்கை அண்ணையெண்டு தெரியேல்லையோ?" எண்டு நான் கேட்டன்.

"அக்கா, அது விளையாட்டிலை வாறது."

"விளையாட்டிலை வாறதெண்டால் நானும் கொஞ்சம் விளையாடட்டோ உன்னோடை?"

மாஸ்டர் கையை உயர்த்தினார். "மேர்சி பிள்ளை, நல்ல காரியத்துக்கு வந்த இடத்திலை கொழுவல் வேண்டாம்" எண்டார்.

என்ரை மனிசன் ஓம் எண்டுபோட்டார். அவை போனாப்பிறகு மீனைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டு வந்து, "உங்களுக்கென்ன விசரோ?" எண்டு கேட்டன். "ஒரு பிள்ளைக்கு ஒருக்காத்தான் ஞானஸ்நானம், மேர்சி" எண்டார். இதென்ன பேய்க்கதை எண்டு நான் குசினிக்குள்ளை போயிட்டன்.

ஞாயிற்றுக்கிழமை காலமை ஞானஸ்நானம், பின்னேரம் இறுதி ஆட்டம். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா எண்டு சுவாமி கேக்க, "விட்டுவிடுகிறேன்" எண்டு சுபாஸ் கோயில் அதிரச் சொன்னான். முன் வாங்கிலை இருந்த மாஸ்டர் திருப்தியாய்த் தலையாட்டினார். தலையிலை தண்ணி பட்ட உடனை பிள்ளை வீரிட்டுக் கத்தினான். என்ரை மனிசன் அவனை இடது தோளிலை வைச்சுக்கொண்டு, எல்லாரையும் பாத்துச் சிரிச்சபடி நிண்டார். பாட்டுச் சத்தத்துக்குள்ளை அழுகை அவருக்குக் கேக்கேல்லை. நான் போய்ப் பிள்ளையை வலது தோளுக்கு மாத்திவிட்டன். அப்பதான் திடுக்கிட்டு, முதுகைத் தடவித் தடவி ஆத்தத் தொடங்கினார். கொலின்ஸும் அங்கை நிண்டவன், வெளியிலை எங்கையோ பாத்துக்கொண்டு. பிள்ளை நல்ல வழியிலை வளர ஞானத்தகப்பனும் பொறுப்பு எண்டு சுவாமி சொல்ல, "ஓம் சுவாமி" எண்ட சத்தம் இவரிட்டை இருந்து பெரிசாய் வந்துது.

பின்னேரம் இறுதி ஆட்டம் முடியுற நேரம். சுபாஸ் கோலுக்குக் கிட்ட, ஒருத்தரும் தொடாமலே விழுந்து, காலைப் பிடிச்சுக்கொண்டு உருண்டான். பெனால்டி இல்லை, எழும்பு எண்டு என்ரை மனிசன் கையைக் காட்டினார். எழும்பினான். நேரை இடது காதுக்கு வந்தான். இவர் அமைதியாய்த் திரும்பி வலது காதைக் குடுத்தார்.

"இந்தப் பக்கம் சொல்லு தம்பி, இது கேக்கும்."

வாய் சும்மா கிடக்குமே? அவ்வளவையும் சொன்னான். கோட்டோரம் இருந்த எனக்கும் கேட்டுது, மதிலிலை இருந்த சனத்துக்கும் கேட்டுது. இவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். அவன் பறிச்சுக் கிழிச்சான். இவர் மற்றப் பொக்கற்றிலை இருந்து இன்னொண்டை எடுத்துக் காட்டினார். மாஸ்டர் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடிவந்தார்.

"கனிசியஸ், உங்கடை ஞானப்பிள்ளையின்ரை தகப்பனெல்லோ!"

"அதாலைதான் மாஸ்டர். பிள்ளையை நல்ல வழியிலை வளக்கிறன் எண்டு காலமை சொல்லிப்போட்டன். இப்பிடி ஒரு தகப்பனைப் பாத்து அவன் என்னெண்டு வளருவான்?"

மாஸ்டருக்கு வேறை வழி தெரியேல்லை. சுபாஸுக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. அதைக் காலமையே செலவழிச்சாச்சு. ஒரு பிள்ளைக்கு ஒருக்காத்தான் எண்டு என்ரை மனிசன் சொன்னது அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. சுபாஸ் வெளியாலை போனான். ஆனால் தங்கடை கழகத்துக்கு வெற்றிக்கோப்பை குடுக்கேக்கை திரும்பி வந்து, எல்லாருக்கும் முன்னுக்கு நிண்டு படம் எடுத்தவன்.

அடுத்த கிழமை விசாரணை. ஆரும் இடது பக்கத்தாலை கேட்டால் கேளாது, மேர்சி நீயும் வா எண்டார் என்ரை மனிசன். நான் அவரின்ரை இடது காதாய்ப் போனன்.

"இந்தமுறை கேட்டனீங்களோ?" எண்டார் மாஸ்டர்.

"வடிவாய்க் கேட்டுது."

"அப்ப சொல்லுங்கோ, பதியவேணும். ஒரு சொல்லும் மாறப்படாது. சொல்லாட்டில் பதிய ஏலாது, பதியாட்டில் தண்டனை இல்லை."

என்ரை மனிசன் வாயைத் திறந்தார், மூடினார். கோயிலிலை பாட்டுக் குழுவிலை நிக்கிற மனிசன். கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து அந்த வாயாலை ஒரு கெட்ட சொல்லை நான் கேட்டதில்லை. முகம் சிவந்துபோச்சு, நெத்தி வேர்த்துது. "அதை என்னாலை சொல்ல ஏலாது மாஸ்டர்" எண்டார். சுபாஸ் கதிரையிலை சாஞ்சு இருந்து சிரிச்சான். மாஸ்டர் பேனையை மூடப் போனார்.

நான் எழும்பினன். மீன்சந்தைக்குப் பக்கத்திலை பிறந்து வளந்தவள் நான், ஒரு சொல்லும் எனக்குப் புதுசில்லை. கோட்டோரம் இருந்து கேட்டதை, சுபாஸ் சொன்ன ஒழுங்கிலையே, ஒண்டும் விடாமல் சொன்னன். அவன் தாயிலை தொடங்கினவன், நானும் தாயிலை தொடங்கினன். எங்கை எங்கை இழுத்துச் சொன்னவனோ அங்கை நானும் இழுத்தன். ஒருத்தர் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளை பாத்தார். ஒருத்தருக்குப் புரையேறிச்சுது. மாஸ்டர் ரெண்டு காதையும் பொத்தினார், ரெண்டும் நல்லாய்க் கேக்கிற காது. முடிஞ்சாப்பிறகு, "எழுதிப்போட்டியளோ, இன்னொருக்கால் சொல்லட்டோ?" எண்டு கேட்டுப்போட்டு இருந்தன்.

எங்களை வெளியிலை விட்டுக் கதைச்சுப்போட்டுக் கூப்பிட்டினம். சுபாஸ் இளம் பிள்ளை, ஆட்டச் சூட்டிலை வாய் தவறினவன், அதாலை புத்திமதி சொல்லி விடுறமெண்டு மாஸ்டர் வாசிச்சார். பேந்து கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு மற்றதை வாசிச்சார். ஒழுக்காற்றுக் குழுவின்ரை முன்னிலையிலை தூஷண வார்த்தை பேசிச் சபையை அவமதிச்ச திருமதி மேர்சி கனிசியஸ், ஒரு வருசத்துக்கு மைதானத்துக்குள்ளை வரப்படாது. அந்தக் குழு தொடங்கின காலந்தொட்டுத் தண்டனை வாங்கின முதல் ஆள் நான்.

என்ரை மனிசனுக்கு அது சரியாய்க் கேக்கேல்லை. வலது காதைக் குடுத்து, "மேர்சிக்கு எவ்வளவு?" எண்டார்.

"ஒரு வருசம்" எண்டார் மாஸ்டர்.

அவர் விசிலைக் கழட்டி மாஸ்டருக்கு முன்னாலை மேசையிலை வைச்சார்.

"அப்ப உங்களுக்குத் தண்டனை குடுக்கத் தெரியும், என்ன மாஸ்டர்?" எண்டார். குரல் உயரேல்லை. பேந்து, தன்ரை வலது காது என்ரை பக்கம் இருக்கக்கூடியதாய்ச் சுத்தி வந்து நிண்டு, "வா மேர்சி, போவம்" எண்டார்.